நியூக்ளியர் மேட்டர அமுக்கிப் பார்க்கணுமா? தியரி பக்கம் புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

நியூக்ளியர் மேட்டர்னு தியரிக்காரங்க சொல்றது ஒரு கற்பனைப் பொருள். புரோட்டானும் நியூட்ரானும் சரிபாதி, கூலும் விலக்கம் கிடையாது, ஓரம் கிடையாது, எல்லா பக்கமும் முடிவில்லாம போயிட்டே இருக்கும். நிஜத்துல இப்படி ஒண்ணு கையில கிடைக்காது, ஆனா ஈயம் மாதிரி கனமான அணுக்கருவோட நடுப்பகுதி இதுக்கு ரொம்ப கிட்ட வரும். அதுல ரெண்டு நம்பர் நல்லா தெரியும்: ஒரு கன ஃபெர்மிக்கு (ஒரு ஃபெர்மின்னா மீட்டர்ல 10-ஓட மைனஸ் 15 பவர்) சுமார் 0.16 நியூக்ளியான் (புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் பொதுப் பேரு) அடர்த்தி, அந்த அடர்த்தியில ஒரு நியூக்ளியானுக்கு சுமார் மைனஸ் 16 மெகா எலக்ட்ரான் வோல்ட் எனர்ஜி (இனிமே எம்இவி). மூணாவது நம்பர்தான் நம்ம விஷயம், இந்தப் பொருள அமுக்கறது எவ்வளவு கஷ்டம்ங்கறதுக்கான அளவு, எல்லாரும் கே-ன்னு சொல்லுவாங்க, கே பெருசா இருந்தா அமுக்க கஷ்டம்னு அர்த்தம். இப்போ பரவலா சொல்ற மதிப்பு 240 எம்இவி, 20 கூடலாம் குறையலாம்.

எனர்ஜிய அடர்த்திக்கு எதிரா வரைஞ்சா ஒரு பள்ளம் வரும், 0.16 அதோட அடி, மைனஸ் 16 அதோட ஆழம், கே-ங்கறது அந்த அடி எவ்வளவு வளைஞ்சிருக்குங்கறது. ஆழமும் இடமும் சரியா இருக்கற ஆயிரம் பள்ளம் வரையலாம், ஒவ்வொண்ணும் வேற வேற வளைவோட. இந்தத் துறையில 50 வருஷமா நடக்கற சண்டை எல்லாம் இதுலேந்துதான் வருது, அதனால கீழ இருக்கற எல்லா ஸ்டெப்பும் இத மனசுல வெச்சே எழுதினது.

முன்னாடி என்ன தெரிஞ்சிருக்கணும்னா, ஃபெர்மி கேஸ், கால்குலஸ்ல செகண்ட் டெரிவேட்டிவ், கொஞ்சம் பைத்தான். இது போதும். குவாண்டம் மெனி பாடி தியரி முழுசா படிச்சுட்டுதான் வருவேன்னு உக்காந்தா வரவே மாட்டீங்க.

முதல்ல டெஃபனிஷன சரி பண்ணிக்கோங்க

ஒரு நியூக்ளியானுக்கான எனர்ஜிய அடர்த்தியால ரெண்டு தடவ டிஃபரன்ஷியேட் பண்ணி, அடர்த்தியோட ஸ்கொயரால பெருக்கி, அத 9-ஆல பெருக்குங்க, இது கே. 9 எங்கேந்து வந்துச்சுன்னா, பழைய ஆளுங்க அடர்த்திக்கு பதிலா ஃபெர்மி மொமெண்டத்தால டிஃபரன்ஷியேட் பண்ணினாங்க, அடர்த்தி ஃபெர்மி மொமெண்டத்தோட கியூபா போறதால ரெண்டு டெரிவேட்டிவுக்கு ஒரு 3 வீதம் 9 ஆயிருச்சு, அவ்வளவுதான்.

இதுல ஒரு பொறி இருக்கு. சில பேப்பர்ல கே-ங்கறத அழுத்தத்தோட டெரிவேட்டிவ் இன்டு 9-ன்னு எழுதியிருப்பாங்க. பள்ளத்தோட அடியில அழுத்தம் பூஜ்யம், அதனால ரெண்டு டெஃபனிஷனும் அங்க ஒண்ணுதான். ஆனா வேற அடர்த்திக்கு போனா ரெண்டுக்கும் நடுவுல அழுத்தத்த அடர்த்தியால வகுத்து 18-ஆல பெருக்கின அளவுக்கு வித்தியாசம் வரும், அது சின்ன வித்தியாசம் இல்ல.

இத இப்பவே கையால செஞ்சு பாத்துருங்க. 0.16-ல ஃபெர்மி மொமெண்டம் 1.33 ஒன் பை ஃபெர்மி, ஃபெர்மி எனர்ஜி சுமார் 36.8 எம்இவி, அதுல 3/5 பங்குதான் சராசரி கைனடிக் எனர்ஜி, 22.1 எம்இவி. ஒருத்தர ஒருத்தர் தொடாத ஃப்ரீ ஃபெர்மி கேஸ்ல இந்த எனர்ஜி அடர்த்தியோட 2/3 பவரா போகும். முதல் டெஃபனிஷன்ல போட்டா மைனஸ் 44 எம்இவி வரும், ரெண்டாவதுல போட்டா பிளஸ் 221. ஒரே கேஸ், ஒரே அடர்த்தி, ஒண்ணு மைனஸ் ஒண்ணு பிளஸ்! ஃப்ரீ கேஸுக்கு அடின்னு ஒண்ணு கிடையாது, அதுல அழுத்தம் எப்பவும் இருக்கு, அதான் இப்படி. யாராவது ஒரு அடர்த்தியில கே இவ்வளவுன்னு சொன்னா எந்த டெஃபனிஷன்னு கேட்டுட்டுதான் மேல பேசணும்.

அப்புறம் ஒரு பொம்மை மாடல், பேப்பரும் பேனாவும் போதும்

டோனி ஸ்கிர்ம் 1950-கள்ல ஒரு ஐடியா கொடுத்தாரு, நியூக்ளியானுக்கு நடுவுல இருக்கற விசைய ரொம்ப குறுகின தூரத்துல மட்டும் வேலை செய்ற மாதிரி எழுதிட்டா கணக்கு எல்லாம் அடர்த்தியோட பவரா மாறிரும்னு. 1972-ல வாத்தரெனும் பிரிங்கும் அத வெச்சு நிஜ அணுக்கருவுக்கு ஹார்ட்ரீ ஃபாக் (ஒவ்வொரு நியூக்ளியானும் மத்ததெல்லாம் சேர்ந்த சராசரி புலத்துல நகருதுன்னு வெச்சு போடற கணக்கு) போட்டுக் காட்டினதுக்கு அப்புறம்தான் அது எல்லா இடத்துலயும் பரவிச்சு.

நமக்கு இப்போ வேண்டியது அதோட எலும்புக்கூடு மட்டும். அடர்த்திய 0.16-ஆல வகுத்தத யூ-ன்னு வெச்சுக்கோங்க. எனர்ஜி மூணு துண்டு: 22.1 இன்டு யூவோட 2/3 பவர், அது கைனடிக். ஏ இன்டு யூ, அது ஈர்க்கற பக்கம், ஏ மைனஸா வரும். பி இன்டு யூவோட சிக்மா பவர், அது தள்ற பக்கம். தெரியாதது ஏ, பி, சிக்மா மூணு, நம்ம கிட்ட இருக்கற கண்டிஷன் ரெண்டே ரெண்டு. யூ 1-ல எனர்ஜி மைனஸ் 16, அதனால ஏயும் பியும் கூட்டினா மைனஸ் 38.1. யூ 1-ல சரிவு பூஜ்யம், அதனால ஏயையும் சிக்மா தடவ பியையும் கூட்டினா மைனஸ் 14.73. ரெண்டையும் கழிச்சா, சிக்மா மைனஸ் 1 இன்டு பி என்பது 23.37. இத செகண்ட் டெரிவேட்டிவ்ல போட்டா ரொம்ப அழகா ஒரு நேர்கோடு வரும்:

கே = 210.3 இன்டு சிக்மா மைனஸ் 44.2

அவ்வளவுதான் முழு ரகசியமும். சிக்மா 7/6-ன்னு போட்டா கே 201, 4/3-ன்னு போட்டா 236, 2-ன்னு போட்டா 376. மூணு மாடலுமே அடர்த்தியும் பைண்டிங்கும் (அந்த மைனஸ் 16) ஒரே மாதிரி சரியா கொடுக்கும், டேட்டாவோட ஒத்துப்போகுதுன்னு மூணு பேரும் நெஞ்ச நிமித்திட்டு நிக்கலாம், ஆனா ஒருத்தருக்கு பொருள் மெத்துனு இருக்கு, இன்னொருத்தருக்கு கல்லு மாதிரி இருக்கு. ஹெவி அயான் (கனமான அணுக்கரு) மோதல் சிமுலேஷன் பண்றவங்க சாஃப்ட், ஹார்டுன்னு 200-ம் 380-ம் சொல்லிட்டே இருப்பாங்க, அது இந்த 7/6-ம் 2-ம்தான், வேற ஒண்ணும் இல்ல. சிக்மாவ சரியா 1-ன்னு போட்டா பி வெடிச்சுரும், போட்டுப் பாருங்க, ஏன்னு யோசிங்க.

கம்ப்யூட்டர்ல டெரிவேட்டிவ் எடுக்கும்போது

பொம்மை மாடல்ல ஃபார்முலா கையில இருக்கு, ஆனா நிஜ கணக்குல, முக்கியமா மான்டி கார்லோ (ரேண்டம் நம்பர் வெச்சு கணக்கு போடற முறை) மாதிரி ஒண்ணுல, சில அடர்த்தியில எனர்ஜி பாயிண்ட்தான் கிடைக்கும், ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் நாய்ஸ் இருக்கும். அங்க நிறைய பேர் படிச்சது மாதிரியே ஸ்டெப்ப எவ்வளவு சின்னதா வெக்க முடியுமோ அவ்வளவு சின்னதா வெக்கறாங்க, அது இங்க வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு பாயிண்ட்லயும் 0.01 எம்இவி நாய்ஸ்னு வெச்சுக்கோங்க, 16-க்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும். மூணு பாயிண்ட் சென்ட்ரல் டிஃபரன்ஸ்ல ஸ்டெப் 0.01-ன்னு எடுத்தா கே-ல பிழை சுமார் 56 எம்இவி. அதாவது சாஃப்டா ஹார்டாங்கற கேள்வியே போச்சு. ஸ்டெப்ப 0.02 ஆக்கினா அது 14 ஆகும், 0.04 ஆக்கினா மூணரை. சரி, ஸ்டெப் பெருசானா ஃபார்முலாவோட சொந்தப் பிழை வருமேன்னா, நம்ம 4/3 மாடல்ல 0.04-க்கும் அந்தப் பிழை 1 எம்இவிக்குள்ளதான் இருக்கு.

அதனால நடைமுறையில என்ன பண்ணுவாங்கன்னா, 0.10-லேந்து 0.22 வரைக்கும் ஒரு பத்து பன்னெண்டு பாயிண்ட் எடுத்து, ஒரு ஸ்மூத் வளைவ ஃபிட் பண்ணி, அந்த ஃபிட்டோட டெரிவேட்டிவ எடுப்பாங்க. ஃபிட் ரேஞ்ச கொஞ்சம் மாத்தி, பாலினாமியல் டிகிரிய ஒண்ணு கூட்டிக் குறைச்சுப் பாருங்க, கே எவ்வளவு ஆடுதோ அதுதான் உங்க நேர்மையான பிழை. இன்னொண்ணு, டெரிவேட்டிவ எப்பவும் உங்க மாடலோட சொந்த அடியிலதான் எடுக்கணும். மாடல் அடி 0.18-ல வந்துச்சுன்னா 0.18-ல எடுங்க, பழக்கதோஷத்துல 0.16-ல எடுத்தா அது கே இல்ல, வேற ஏதோ.

எஃபெக்டிவ் மாஸ சேர்த்துட்டு நிஜ ஸ்கிர்ம் விசையோட ஒத்துப் பாருங்க

எனக்கு ரொம்ப பிடிச்ச ஸ்டெப் இதுதான், ஏன்னா இங்கதான் பொம்மை மாடல் பொம்மை இல்லன்னு தெரியும். நிஜ ஸ்கிர்ம்ல மொமெண்டத்த பொறுத்து மாறற துண்டும் உண்டு, அதனால பொருளுக்குள்ள நியூக்ளியானோட மாஸ் குறைஞ்ச மாதிரி ஆகும், எனர்ஜில யூவோட 5/3 பவர்ல ஒரு நாலாவது துண்டு வரும். அதோட அளவு சி-ன்னு வெச்சா, சி என்பது 22.1 இன்டு, எஃபெக்டிவ் மாஸ் விகிதத்தோட தலைகீழ்லேந்து 1 கழிச்சது. பழைய மாதிரியே ரெண்டு கண்டிஷன திரும்ப போட்டு தீத்தா, முன்னாடி வந்த கே-வோட சி இன்டு (10 மைனஸ் 6 சிக்மா) சேரும்.

இப்போ புகழ்பெற்ற விசைகள எடுங்க. எஸ்கேஎம் ஸ்டார், 1982-ல வந்தது, அதோட சிக்மா நம்ம கணக்குல 7/6, எஃபெக்டிவ் மாஸ் 0.79. நம்ம ஃபார்முலா 219 கொடுக்கும், வெளியான மதிப்பு 217. எஸ்எல்ஒய்4, 1998, அதே 7/6, எஃபெக்டிவ் மாஸ் கிட்டத்தட்ட 0.70, நம்மது 230, வெளியானதும் 230. எஸ்3-ன்னு 1975-ல வந்த பழைய விசை, சிக்மா 2, எஃபெக்டிவ் மாஸ் 0.76, அதோட அடி 0.145-ல இருக்கறதால 22.1-க்கு பதிலா 20.7-ம், மைனஸ் 16-க்கு பதிலா மைனஸ் 15.85-ம் போட்டுத் தீருங்க, 355 வரும், வெளியானதும் 355. பேப்பர்ல நாலு வரி கணக்கு இவ்வளவு தூரம் போகுதுன்னா, அந்த விசைகள்ல இருக்கற பத்து பேராமீட்டர்ல கே-ய நிஜமா ஆட்டறது எதுன்னு புரிஞ்சிருக்கும், சிக்மா முதல்ல, எஃபெக்டிவ் மாஸ் அடுத்து.

சிக்மா 5/3-ல எஃபெக்டிவ் மாஸோட பங்கு பூஜ்யம் ஆகறதையும், அதுக்கு மேல போனா தலைகீழா கே-ய குறைக்கறதையும் கவனிங்க. எஃபெக்டிவ் மாஸ் குறைஞ்சா கே கூடும்னு ஒத்த வரியில சொல்றவங்கள நம்பாதீங்க.

ரிலேட்டிவிஸ்டிக் பக்கம்

இத வேகமா சொல்லிட்டுப் போறேன். 1974-ல வலெக்கா எழுதின சிக்மா-ஒமேகா மாடல்ல நியூக்ளியான்கள சிக்மா மீசான் இழுக்கும், ஒமேகா மீசான் தள்ளும், ஃபிட் பண்ண அந்த ரெண்டோட கப்ளிங் (எவ்வளவு பலமா ஒட்டுதுங்கற அளவு) மட்டும்தான், அடர்த்தியும் பைண்டிங்கும் வெச்சு ரெண்டும் தீந்துரும், கே அதுவா வந்து விழும், விழற மதிப்பு 550 பக்கம். ரொம்ப அதிகம். 1977-ல போகுட்டாவும் போட்மரும் சிக்மா ஃபீல்டு தன்னோட தானே மோதற துண்டுகள சேர்த்தாங்க, அப்புறம்தான் கே கட்டுக்குள்ள வந்துச்சு. இன்னைக்கு அதிகமா பயன்படற என்எல்3-ல 271 பக்கம், எஃப்எஸ்யூகோல்டுல 230. கதை அதேதான், கூடுதலா ஒரு கைப்பிடி கொடுத்தா வளைவ உங்க இஷ்டத்துக்கு திருப்பலாம். (இந்த சிக்மா மீசான், நம்ம சிக்மா பவர் கிடையாது, குழப்பிக்காதீங்க.)

ரெண்டு நியூக்ளியான் விசையிலேந்தே நேரா ஆரம்பிக்கலாம், ஃபிட்டே வேண்டாம்னு தோணும். அந்த வழியும் உண்டு, ப்ரூக்னர் முறை, இப்போ கைரல் எஃபெக்டிவ் ஃபீல்டு தியரி. ஆனா ரெண்டு உடல் விசை மட்டும் வெச்சா, எந்த விசைய எடுத்தாலும் அடி கோஸ்டர் பேண்டுன்னு சொல்ற ஒரு பட்டையில போய் விழும், அந்தப் பட்டை நிஜ புள்ளி வழியா போகாது. மூணு உடல் விசை சேர்த்தா சரியாகும், அதோட நிச்சயமின்மை நேரா கே-ல வந்து உக்காரும். முதல் ப்ராஜெக்ட்டுக்கு இத எடுக்காதீங்க.

நிஜ அணுக்கருவோட கட்டறது

நியூக்ளியர் மேட்டர லேப்ல அமுக்க முடியாது, ஆனா அணுக்கருவ மூச்சு விடற மாதிரி சுருங்கி விரிய வைக்கலாம், அதுக்கு ஜயன்ட் மோனோபோல் ரெசனன்ஸ்னு பேரு. ஆல்ஃபா துகள மோதவிட்டு 1977-ல டெக்சஸ் ஏ அண்ட் எம்-லயும் குரோனிங்கன்லயும் இத தெளிவா பிரிச்சு எடுத்தாங்க. ஈயம்-208-ல அது 14 எம்இவி பக்கம். அந்த எனர்ஜியோட ஸ்கொயர, அணுக்கரு ஆரத்தோட சராசரி ஸ்கொயரால பெருக்கி, 41.5-ஆல வகுத்தா அந்த அணுக்கருவோட சொந்த கே வரும். போட்டுப் பாருங்க, ஆரம் 5.5 ஃபெர்மி எடுத்தா சுமார் 140 எம்இவி.

240 எங்க, 140 எங்க! தப்பு ஒண்ணும் இல்ல, நிஜ அணுக்கருவுக்கு மேற்பரப்பு உண்டு, கூலும் உண்டு, நியூட்ரான் அதிகம், மூணுமே கே-ய கீழ இழுக்குது. இத வால்யூம், சர்ஃபேஸ், அசிமெட்ரி, கூலும்னு நாலு துண்டா எழுதி பல அணுக்கருவோட டேட்டால ஃபிட் பண்ற ஒரு ஃபார்முலா எல்லா நோட்ஸ்லயும் இருக்கும். எனக்கு அந்த ஃபிட் மேல பெரிய மரியாதை இல்ல, ஏன்னா டேட்டா இருக்கற அணுக்கருக்கள்ல இந்த துண்டுகள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கு, ஒண்ண ஏத்தினா இன்னொண்ணு இறங்கி ஈடு கட்டிரும், வால்யூம் துண்டு எங்க வேணா போய் நிக்கும்.

பிளைசோ 1980-ல தெளிவா காட்டின வழியிலேயே போங்க. கே மட்டும் 210, 230, 250, 270-ன்னு மாறற, மத்தபடி நல்லா இருக்கற விசைக் குடும்பம் ஒண்ணு எடுங்க, ஒவ்வொண்ணுலயும் ஈயம்-208-க்கு ஆர்பிஏ (ஹார்ட்ரீ ஃபாக் மேல அணுக்கருவோட சின்ன அதிர்வுகள கணக்கு போடற முறை) போட்டு மோனோபோல் எனர்ஜி எடுங்க, அளந்த எனர்ஜி எந்த கே-ல விழுதுன்னு பாருங்க. அவருக்கு அப்போ 210, பிளஸ் ஆர் மைனஸ் 30 வந்துச்சு. கோட நீங்களே முதல்லேந்து எழுத வேண்டாம், ஸ்கிர்ம் ஆர்பிஏவுக்கு வெளியான கோட் இருக்கு, கொலோவும் கூட இருந்தவங்களும் 2013-ல போட்டது, அத எடுத்து எஸ்எல்ஒய்4-ல ஓட்டிப் பழகுங்க. சரி பாக்க, மோனோபோல் ஆபரேட்டர ஒரு கண்டிஷனா போட்டு ஹார்ட்ரீ ஃபாக்க தனியா ஓட்டி, அதுலேந்து வர்ற சம் ரூல் எனர்ஜியையும் (ரெசனன்ஸோட மொத்த பலத்தோட ஒரு சராசரி எனர்ஜி) எடுத்து ஒத்துப் பாருங்க.

ஒண்ணு முக்கியம், ஹார்ட்ரீ ஃபாக்ல போட்ட எல்லா துண்டும் ஆர்பிஏலயும் இருக்கணும். ஸ்பின் ஆர்பிட்டும் கூலும் சின்னதுதானேன்னு விட்டுட்டா எனர்ஜி நகரும், மோனோபோல் எனர்ஜி கே-வோட ஸ்கொயர் ரூட்டா போறதால எனர்ஜில 2 சதவீதம் நகர்ந்தா கே-ல 4 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 10 எம்இவி. ஒரு காலத்துல ஸ்கிர்ம்காரங்க 210, 220-ன்னும் ரிலேட்டிவிஸ்டிக்காரங்க 250, 270-ன்னும் ஒரே ஈயம் டேட்டாவ வெச்சு சண்டை போட்டதுக்கு இந்த விடுபடல் ஒரு காரணம். இன்னொண்ணு சிமெட்ரி எனர்ஜி, அதாவது நியூட்ரானும் புரோட்டானும் சரிபாதியா இல்லன்னா ஆகற கூடுதல் எனர்ஜி, ஈயத்துல நியூட்ரான் அதிகம், அதனால நீங்க அளக்கறது சுத்தமான கே இல்ல, சிமெட்ரி எனர்ஜியோட சரிவும் (அடர்த்தியோட அது எவ்வளவு மாறுதுங்கறது) கலந்தது, ரெண்டு கூட்டத்தோட மாடல்லயும் அந்தச் சரிவு வேற வேற. ஜிர்கோனியம்-90-யும் சேர்த்து போட்டா ஏமாத்தறது கஷ்டம்.

டின் ஐசோடோப்புகள கடைசியா எடுங்க. ஈயத்துக்கு பொருந்தற மாடல் டின்னுக்கு எனர்ஜிய அதிகமா சொல்லுது, அதாவது டின் நாம நினைச்சத விட மெத்துனு இருக்கு. 2007-ல ஒசாகால அளந்ததுலேந்து ஓடற பிரச்சினை, பேரிங் (நியூக்ளியான்கள் ஜோடி சேர்றது) சேர்த்தா கொஞ்சம் குறையுது, புதுசா வர்றவங்க மண்டைய உடைச்சுக்க நல்ல இடம்.

0.16-ஐ தாண்டிப் போகும்போது

கே-ங்கறது அடியில இருக்கற வளைவு மட்டும், ரெண்டு மடங்கு அடர்த்தியில என்ன நடக்கும்னு அது சொல்லாது. தங்கத்தோட தங்கத்த மோதவிட்டு வர்ற ஃப்ளோவ (துகள்கள் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளப்பட்டு பாயுதுங்கறது) வெச்சு டேனியலெவிச், லேஸி, லிஞ்ச் 2002-ல அழுத்தத்துக்கு எல்லை போட்டாங்க, அது ரெண்டு மடங்குக்கு மேலான அடர்த்திக்கு. அதுலேந்து ஒரு கே எடுத்து மோனோபோல் கே-வோட ஒப்பிடறவங்க ஒரு குறிப்பிட்ட வளைவு வடிவத்த நம்பித்தான் ஒப்பிடறாங்க. அதுலயும், மொமெண்டத்த பொறுத்து மாறாத ஹார்டு மாடலும், மாறற சாஃப்ட் மாடலும் ஒரே மாதிரி ஃப்ளோ கொடுக்கும்னு 80-கள்லயே தெரிஞ்சு போச்சு.

நியூட்ரான் ஸ்டார் பக்கம் போறவங்களுக்கு, சுத்த நியூட்ரான் பொருளுக்கு இந்தப் பள்ளமே கிடையாது. அங்க சிமெட்ரி எனர்ஜியோட சரிவுதான் பெரிய ஆளு, கே பின்சீட்டுக்கு போயிரும். 240-ல ஒலி வேகம் போட்டுப் பாருங்க, கே-ய 9 இன்டு நியூக்ளியான் மாஸால வகுத்து ஸ்கொயர் ரூட், ஒளி வேகத்துல 0.17 வரும். ரெண்டு சூரிய மாஸ் இருக்கற ஸ்டார தாங்க உள்ள போகப் போக அது எவ்வளவோ கூடணும்.

ரிசல்ட் எழுதும்போது கே பக்கத்துலயே மாடலோட அடி அடர்த்தி, அங்க எனர்ஜி, எஃபெக்டிவ் மாஸ், சிமெட்ரி எனர்ஜியும் அதோட சரிவும், டெரிவேட்டிவ் எப்படி எடுத்தீங்க, எந்த ரேஞ்ச்ல ஃபிட் பண்ணீங்கன்னு ஒரே டேபிள்ல போட்டுருங்க. மூணாவது டெரிவேட்டிவும் கையோட எடுத்து வைங்க, நியூட்ரான் அதிகமான பொருளுக்கு போகும்போது அது கட்டாயம் தேவைப்படும், அப்போ எல்லாத்தையும் திரும்ப ஓட்ட வேண்டியிருக்காது.